128 ஜிபி கார்டை அம்மாவின் பிளேயர் ஏன் ஏற்கவில்லை?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது வயதாகிறது. போனில் பாட்டு கேட்பது அவருக்கு ஒத்துவரவில்லை; சில வருடங்களுக்கு முன் வாங்கிய சின்ன எம்பி3 பிளேயர்தான் பழக்கம். அதிலிருந்த 8 ஜிபி மெமரி கார்டு நிறைந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் நடைபாதைக் கடையில் 350 ரூபாய்க்கு 128 ஜிபி கார்டு வாங்கி, என் மேக்புக்கில் எல்லாவற்றையும் ஏற்றினேன். பிளேயர் ‘நோ கார்டு’ என்கிறது. பழைய கார்டைப் போட்டால் ஓடுகிறது. ஆனால் அதில் சமீபத்தில் சேர்த்த ராமாயண உபன்யாசம் வரிசை மாறி வருகிறது. ஒவ்வொரு பதிவும் இரண்டு தடவை தெரிகிறது. அதில் ஒன்று பாடுவதே இல்லை. வேறு பிளேயர் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பழைய கார்டு ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் கார்டு செருகும் இடமும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு புதிய கார்டிலும், மேக்கில் ஏற்றிய விதத்திலும்தான்.

வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால், அந்த 8 ஜிபி கார்டில் இருப்பதை அப்படியே கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கார்டைச் செருகும்போது மேக் ‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று எப்போதாவது கேட்டால் அந்தப் பட்டனை அழுத்தாதீர்கள். அது அழிப்பதற்கான வழி.

இப்போது 128 ஜிபி கார்டுக்கு வருவோம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இந்தக் கார்டுகளில் தலைமுறைகள் உண்டு. 2 ஜிபி வரை சாதாரண எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி. இது 2006இல் வந்தது. 32க்கு மேலே போனால் எஸ்டிஎக்ஸ்சி. அது 2009இல் அறிவிக்கப்பட்டது. கார்டின் முகப்பிலேயே சின்ன எழுத்தில் ஹெச்சி, எக்ஸ்சி என்று போட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் இருக்கிறது. எஸ்டிஹெச்சி கார்டு ஃபேட்32 முறையில் வரும். எஸ்டிஎக்ஸ்சி, எக்ஸ்ஃபேட் முறையில் வரும். எக்ஸ்ஃபேட் மைக்ரோசாஃப்டின் சொத்து. 2019இல்தான் அதன் விவரக் குறிப்பை எல்லோருக்கும் வெளியிட்டார்கள். அதுவரை லைசென்ஸ் வாங்கினால்தான் பயன்படுத்தலாம் என்பதால், மலிவான பிளேயர் செய்தவர்கள் பலரும் அந்தப் பக்கமே போகவில்லை. உங்கள் பிளேயரின் அட்டைப் பெட்டி இன்னும் இருந்தால் பாருங்கள், ‘32 ஜிபி வரை’ என்றுதான் அநேகமாக அச்சடித்திருக்கும்.

பெரிய கார்டை ஃபேட்32 ஆக மாற்றினால் பல பிளேயர்கள் படித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தக் கார்டின் மேலேயே நம்பிக்கை இல்லை. 350 ரூபாய்க்கு நடைபாதையில் 128 ஜிபி என்றால், கடைக்காரர் எத்தனை தடவை ‘ஒரிஜினல் ஹை’ என்று சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். போலிக் கார்டில் உள்ளே இருப்பது 8 ஜிபியோ 16 ஜிபியோதான் இருக்கும். கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப், கேட்பவர்களிடமெல்லாம் ‘நான் 128’ என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். நிஜ அளவு தீரும் வரை எல்லாம் ஒழுங்காக ஏறும். அதற்கு அப்புறம் எழுதுவது காற்றில் போகும், அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே போய் உட்காரும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் பெயர்கள் மட்டும் அழகாகத் தெரியும். திறந்தால் சத்தம் வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. நொடிக்கு 10 எம்பி எழுதும் கார்டானால் 128 ஜிபியை நிரப்பவே மூன்றரை மணி நேரம் ஆகும், படிக்கும் நேரம் தனி. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: 128 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 119 என்று காட்டினால் அது போலி என்பதற்கு அடையாளம் இல்லை. கார்டு கம்பெனிகள் ஆயிரக் கணக்கில் எண்ணுகின்றன, விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

அதைவிட, அம்மாவுக்கு 128 எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் ஒரு மணி நேர எம்பி3, சுமார் 58 எம்பி. 32 ஜிபி கார்டில் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். உபன்யாசம் வெறும் பேச்சுதானே, அதை மோனோவாக 64 கேபிபிஎஸ்ஸில் வைத்தாலே தெளிவாகக் கேட்கும். ஆயிரம் மணி நேரம் தாண்டிவிடும். வேகத்துக்காகவும் கூடுதல் பணம் தர வேண்டாம். 128 கேபிபிஎஸ் பாட்டுக்கு நொடிக்கு வெறும் 16 கேபி போதும். மிக மெதுவான கிளாஸ் 2 கார்டே நொடிக்கு 2 எம்பி எழுதும். யு3, வி30 முத்திரைகளெல்லாம் வீடியோ எடுப்பவர்களுக்கு. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடுக்குப் போய், பில் போட்டுத் தரும் கடையில் தெரிந்த பிராண்டில் ஒரு 32 ஜிபி வாங்குங்கள். அது ஃபேட்32 ஆகவே வரும், ஃபார்மட் செய்யும் வேலைகூட இல்லை.

என்றைக்காவது மேக்கில் ஃபார்மட் செய்ய நேர்ந்தால் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்க் யுட்டிலிட்டியில் வியூ மெனு வழியாக ‘ஷோ ஆல் டிவைசஸ்’ கொடுத்து, கார்டின் மேல் வரியைத் தேர்ந்தெடுங்கள். ஃபார்மட் என்ற இடத்தில் எம்எஸ்-டாஸ் ஃபேட், ஸ்கீம் என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெக்கார்டு. ஸ்கீமை ஜியுஐடி என்று விட்டுவிட்டால் பல சின்ன பிளேயர்களுக்குக் கார்டே கண்ணில் படாது.

ஒவ்வொரு பதிவும் இரண்டாகத் தெரிவதும் மேக்கின் வேலைதான். ஒரு கோப்பை எங்கிருந்து டவுன்லோட் செய்தோம் என்பது மாதிரியான உபரித் தகவல்களை மேக் கூடவே வைத்திருக்கும். ஃபேட்32இல் அதற்கு இடம் இல்லாததால், ‘._’ என்று தொடங்கும் பெயரில் ஒரு குட்டிக் கோப்பைத் தனியாக உருவாக்கிவிடுகிறது. மேக்கில் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பிளேயரோ கடைசியில் எம்பி3 என்று இருப்பதைப் பார்த்து, அதையும் பாட்டு என்று நினைத்துத் திறக்கப் போய் நின்றுவிடுகிறது. கார்டை ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டச் சொல்லி, ‘._’ என்று தொடங்குபவற்றை மட்டும் அழித்துவிடுங்கள்.

வரிசைக்கு வருவோம். பட்டாபிஷேகம் முடிந்த மறுநாளே ராமர் காட்டுக்குக் கிளம்பினால் அம்மா கோபப்படுவது நியாயம்தான். இந்த வகைப் பிளேயர்கள் பல, பெயரைப் பார்ப்பதில்லை. கார்டின் பட்டியலில் எது முதலில் பதிவானதோ அதை முதலில் பாடும். நடுவில் ஒன்றை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால், புதியது அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனவே அந்த ஃபோல்டரைச் சரிசெய்து மெனக்கெட வேண்டாம். புது ஃபோல்டர் ஒன்று போட்டு, 001, 002 என்று பெயரின் முன்னால் எண் கொடுத்து, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக நகலெடுங்கள். 1, 10, 11, 2 என்று வந்தால் மட்டும் உங்கள் பிளேயர் பெயர் பார்த்து அடுக்குகிறது என்று அர்த்தம். அதற்கும் இந்த மூன்று இலக்க எண்ணே மருந்து. பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள், தமிழ் எழுத்து பல பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் வந்த பதிவுகளையும் ஏற்றியிருந்தால் கவனியுங்கள். குரல் பதிவுகள் ஓபஸ் என்ற வேறு ஒலிக்கோப்பு வகை. பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றி எழுதுவதால் அது எம்பி3 ஆகிவிடாது. விஎல்சி அல்லது ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து முறையாக மாற்ற வேண்டும்.

கார்டை எடுக்கும்போது மறக்காமல் எஜெக்ட் கொடுங்கள். பெரிய அடாப்டரில் போட்டு ஏற்றுகிறீர்கள் என்றால் அதன் ஓரத்தில் இருக்கும் லாக் பொத்தான் கீழே நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ‘எழுத முடியவில்லை’ என்று வரும் பாதிப் புகார் அதனால்தான். மழைக்காலத்து ஈரத்தில் கார்டின் தங்க நிறப் பட்டைகள் மங்கியிருந்தால், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போதும்.

புதிய 32 ஜிபி கார்டையும் ‘நோ கார்டு’ என்று சொன்னால், அப்போது பிளேயரைப் பார்க்கலாம். பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள், ரீசெட் ஓட்டை இருந்தால் ஊசியால் அழுத்துங்கள். பின்பக்க மூடி உப்பிக்கொண்டு வந்திருந்தால் மட்டும் இதெல்லாம் வேண்டாம். பேட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். சார்ஜ் போடாமல் ரிப்பேர் கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள்.