மூன்றாவது குழியும் இணை உலகமும்

அன்புள்ள ஐயா,

விளாதிமிர் நெசோவ் 2009-இல் முன்வைத்த புதிர் ஒன்று தூங்கவிடவில்லை. நம் மனதைத் தப்பாமல் கணிக்கும் ஒருவர் நாணயம் சுண்டுகிறார். பூ விழுந்தால் நம்மிடம் 100 டாலர் கேட்பார். தலை விழுந்தால் 10,000 தருவார். பூ விழுந்திருந்தால் நாம் 100 கொடுத்திருப்போம் என்று கணித்தால் மட்டும். விழுந்தது பூ. கொடுக்கலாமா? இணை உலகம் உண்டென்றால் அங்கே இருக்கும் நான் 10,000 வாங்கியிருப்பேன், எனவே கொடுப்பதே சரி என்கிறேன். அப்பா போட்ட மூன்றாவது போர்வெல்லும் தண்ணீரில்லாமல் புகையாய்ப் போனபோது, ‘ஏதோ ஒரு உலகத்தில் தண்ணீர் வந்திருக்கும், உங்கள் முடிவு சரிதான்’ என்று இப்படித்தான் அவரைத் தேற்றினேன்.

எம்., பல்லடம்

அன்புள்ள எம்.,

100 டாலரைக் கொடுத்துவிடுங்கள். சுண்டுவதற்கு முன்பே கேட்டிருந்தால், சராசரியாக 4,950 லாபம் என்று கணக்குப் போட்டுத் தலையாட்டியிருப்பீர்கள். அதற்கு இன்னொரு உலகம் வேண்டியதில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது உங்கள் கடைசி வரி. பக்கத்துத் தோட்டத்தில் இந்த வாரம் போர் போடும் ரிக் வண்டி நிற்கிறது. ராத்திரியெல்லாம் கம்ப்ரசர் சத்தம். நானும் இதையேதான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இயற்பியலாளர் ஹ்யூ எவரெட் 1957-இல் சொன்ன இணை உலகக் கருத்து உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அவர் கணக்குப்படி உலகம் கிளைப்பது அணுவளவில் நடக்கும் குவாண்டம் நிகழ்வுகளில். உங்களுக்கும் எனக்கும் ஒன்று தெரியவில்லை என்பதற்காக அது கிளைக்காது. நம் சீமைக்கு அடியில் இருப்பது கடும்பாறை. தண்ணீர் அதிலுள்ள வெடிப்பில்தான் நிற்கும். அந்த வெடிப்பு மனிதன் பிறப்பதற்கு முன்பே விழுந்தது. அப்பா புள்ளி வைத்த இடத்தில் அது இல்லை. அன்று காலை உலகம் ஆயிரமாய்ப் பிரிந்திருந்தாலும், அந்தக் குழியில் ஆயிரத்திலும் புகைதான். ஒவ்வொன்றிலும் ஒரு அப்பா வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். தெரியாமை வேறு, தற்செயல் வேறு. குவாண்டம் வரை படித்த பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

இணை உலகங்களை நம்பும் இயற்பியலாளர் டேவிட் டாய்ச் 1999-இல் நிறுவ முயன்றது என்ன? அவற்றை நம்புகிறவனும் சாதாரண நிகழ்தகவை நம்பிப் பந்தயம் கட்டுகிறவனைப் போலத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதை. நம்பிக்கைக்குச் சலுகை கிடையாது.

அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாரு, அதாவது தாத்தா, போர் போட்டது நினைவிருக்கிறது. உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் புள்ளி. திருச்செங்கோட்டு வண்டி. 700 அடி தாண்டியும் வெள்ளை மாவாகவே கொட்டியது. துளைக்கும் கம்பி, அதாவது ராடு, ஒவ்வொன்று இறங்கும்போதும் அப்பாரு ஒரு கை அள்ளிப் பிடித்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் உருண்டையாகும். ஆகாது; விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். விடியும்போது அவருக்குப் புருவம் எது, மாவு எது என்று தெரியவில்லை.

“நிறுத்தட்டுங்களா?” என்றார் வண்டிக்காரர்.

“இன்னொரு ராடு உடுங்க.”

ஆத்தாதான் வந்தார். “போதுமுங். மாடு ரெண்டாவது கட்டுத்தறியில நிக்கட்டும்.”

வண்டி நின்றது. அன்று அப்பாருவிடம் யாராவது இணை உலகக் கதையைச் சொல்லியிருந்தால் அந்த மாடுகளும் போயிருக்கும்.

தேற்ற வேண்டும் என்ற உங்கள் மனசு புரிகிறது தம்பி. அந்த நேரத்தில் அப்பா பக்கத்தில் நின்றீர்களே, அதுவே பெரிது. ஆனால் முடிவு சரி என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? தண்ணீர் வந்ததா என்பதை வைத்து முடிவை எடைபோடக் கூடாதுதான். அன்றைக்குத் தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொண்டு எடுத்தாரா என்று கேளுங்கள். பூமிக்குள் மின்சாரம் செலுத்தி, பாறையின் மின்தடையை அளந்து பார்க்கிறார்கள். அதிலும் தப்பு வரும். இருந்தாலும் முதல் இரண்டு குழி பொய்த்த பிறகு அதையாவது பார்த்தாரா? இல்லை, மூன்றாவதுக்கும் தேங்காய்தானா? நீங்கள் பாட்டுக்கு ‘சரிதான்’ என்று சொன்னது நாலாவது குழிக்குச் சம்மதம் கொடுத்த மாதிரி.

அதற்கு அப்பா அட்வான்ஸ் ஏதும் கொடுத்துவிட்டாரா? கொடுத்திருந்தால் முதலில் போய் அதைத் திருப்பிக் கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.