முகவர் கேட்கும் அனுமதி: எதற்கு, யாரிடம், எப்படி?

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சிறு வணிகங்களுக்கும் மென்பொருள் அமைத்துத் தரும் கிளிநொச்சிப் பொறியியலாளர் ஒருவர், செயற்கை நுண்ணறிவு முகவர்களின் (இட்ட பணியைத் தாமாகவே படிப்படியாகச் செய்யும் மென்பொருள்களின்) செயல்களுக்கு மனித ஒப்புதல் வைப்பது பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (மல்லாவி, கமக்காரர் அமைப்பின் செயலாளர்): ஐயா, உறுப்பினர் பட்டியலைப் பராமரிக்கவும் குறுஞ்செய்தி அனுப்பவும் ஒரு முகவரை அமர்த்த எண்ணுகிறோம். ஒவ்வொரு செயலுக்கும் எங்களிடம் அனுமதி கேட்கும்படி அமைக்கலாமா?

பதில்: அமைக்கலாம், ஆனால் அது பாதுகாப்பைக் குறைத்துவிடும். நாள் முழுவதும் அனுமதிப் பொத்தானை அழுத்துகிறவர் விரைவிலேயே வாசிக்காமல் அழுத்தப் பழகிவிடுவார். அதன்பின் ஆபத்தான ஒரு கோரிக்கையும் மற்றவற்றோடு சேர்ந்து கடந்துபோகும். ஆகவே, திரும்பப் பெற முடியுமா என்பதைக் கொண்டு செயல்களைப் பிரியுங்கள். பட்டியலை வாசிக்கவும் வரைவு எழுதவும் அனுமதி வேண்டாம். பழைய பதிவு சேமிக்கப்பட்டிருக்குமானால், ஒரு தொலைபேசி இலக்கத்தைத் திருத்திய பின் உங்களுக்கு அறிவித்தாலே போதும். ஆனால் வவுனிக்குளத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும் திகதியை எல்லா உறுப்பினருக்கும் அனுப்புவது அப்படிப்பட்டதல்ல. தவறான திகதியை நம்பி விதைநெல்லை ஊறப்போட்டவருக்குத் திருத்தச் செய்தியால் பயனில்லை. அங்கே கட்டாயம் ஒரு மனிதர் வாசித்து ஒப்ப வேண்டும்.

கேள்வி (பரந்தன், கூட்டுறவுச் சங்கக் கணக்காளர்): பணம் செலுத்துமுன் எங்களிடம் கேள் என்று முகவருக்கு எழுதிக் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. எழுத்தில் இடும் கட்டளையை முகவர் பெரும்பாலும் பின்பற்றும். எப்போதும் பின்பற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2025 ஜூலையில், ரெப்ளிட் நிறுவனத்தின் நிரலாக்க முகவரைப் பயன்படுத்திய ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவர், எந்த மாற்றமும் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தும் அது அவருடைய நேரடிப் பயன்பாட்டுத் தரவுத்தளத்தை அழித்துவிட்டதாகப் பகிரங்கமாக எழுதினார். அந்த நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டு, சோதனைத் தரவையும் நேரடித் தரவையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. பணம் அனுப்பும் அதிகாரம் முகவரின் கையில் இருக்கவே கூடாது. முகவர் கோரிக்கையை மட்டும் வைக்க வேண்டும்; ஒப்புதல் பதிவானால் மாத்திரம் வேறொரு நிரல் அதை நிறைவேற்ற வேண்டும்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது, ஒப்புகிறவரின் திரையில் என்ன தெரிகிறது என்பதையே. "வழங்குநருக்கான கொடுப்பனவு" என்று முகவர் எழுதிய சுருக்கத்தை நம்பி ஒப்புவது, பெறுநர் பெயரையும் தொகையையும் பாராமல் காசோலையில் இரண்டாவது கையொப்பம் இடுவதற்கு ஒப்பாகும். வந்த விலைச்சிட்டைக்குள்ளேயே, கணக்கிலக்கத்தை மாற்றும்படி முகவருக்கான மறைவான அறிவுறுத்தலை ஒருவர் புகுத்தியிருக்கலாம். அப்போது முகவரின் சுருக்கமும் அந்த ஏமாற்றுக்காரரின் சொல்லையே திருப்பிச் சொல்லும். எனவே, வங்கிக்குப் போகவிருக்கும் அதே கணக்கிலக்கமும் தொகையும், உங்கள் பதிவிலுள்ள பழைய கணக்கிலக்கத்துடன் பக்கத்தில் பக்கமாகக் காட்டப்பட வேண்டும். ஒப்புதல் அந்த விபரங்களுக்கு மட்டும், ஒரு தடவைக்கு மட்டும் செல்லுபடியாக வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் மறுபடி கேட்க வேண்டும்.

கேள்வி (அறிவியல் நகர், பொறியியல் மாணவி): ஒப்புகிறவர் பதிலளிக்காவிட்டால், அல்லது இணையம் இடையில் துண்டிக்கப்பட்டால்?

பதில்: மௌனத்தை மறுப்பாகவே கொள்ளுங்கள், குறித்த நேரம் கடந்ததும் கோரிக்கை காலாவதியாகட்டும். ஒப்பிய பின் தொடர்பு அறுந்தால் முகவர் மீண்டும் முயலும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் நிறைவேற்றாதபடி செய்தால் இரட்டைக் கொடுப்பனவு நேராது.

கேள்வி (முள்ளியவளை, அலுவலக உதவியாளர்): பிழை நேர்ந்தால், பொத்தானை அழுத்திய எங்களைப் போன்றவர்கள் மீதுதானே பழி விழும்?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது; அதனால்தான் இதைப் பற்றி அழுத்தமாகப் பேசுகிறேன். வாசிக்க நேரமும் மறுக்கும் உரிமையும் இல்லாத ஒருவரின் ஒப்புதல் பாதுகாப்பே அல்ல. அது பொறுப்பை மேலிருந்து கீழே இறக்கும் வழி மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் 14 ஆம் உறுப்புரை, உயர் ஆபத்துள்ள முறைமைகளைக் கண்காணிப்பவர்கள் அவற்றின் வெளியீட்டைப் புறக்கணிக்கவும் இயக்கத்தை நிறுத்தவும் கூடியவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்பும் மனித இயல்பையும் அது குறிப்பிடுகிறது. உங்கள் முகாமையாளரிடம் இரண்டைக் கேளுங்கள்: மறுத்ததற்காகக் குறை சொல்லப்படமாட்டீர்கள் என்ற எழுத்துமூல உறுதி, மற்றும் ஒப்பியபோது உங்கள் திரையில் காட்டப்பட்டது அப்படியே சேமிக்கப்படும் பதிவேடு.

கேள்வி (வவுனியா, கடை உரிமையாளர்): நான் தனியாளாக வணிகம் செய்கிறேன். சரிபார்க்க இன்னொருவர் இல்லையே?

பதில்: அப்படியானால் எல்லைகளை இறுக்குங்கள். முகவருக்கெனத் தனிக் கணக்கொன்றைத் திறந்து, இழந்தாலும் கடை தாங்கக்கூடிய தொகையை மட்டும் அதில் வையுங்கள். புதிய பெறுநர் எவருக்கும் அன்றே பணம் போகாமல் மறுநாள் வரை நிறுத்தி வையுங்கள். இடையில், உங்களிடம் ஏற்கனவே உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழைத்து உறுதிசெய்யலாம்.