படையல் அன்று சிரித்தால் குற்றமா?

கேள்வி: பங்குனியில் என் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். வயது 68. எங்களுக்குத் திருவையாறு பக்கம். அப்பாவுக்குத் தும்மல் வந்தால் மூன்று வரும். மூன்றாவது முடிந்ததும் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி ‘முருகா!’ என்பார். மூன்றாம் மாதப் படையல் அன்று பந்தியில் மிளகு ரசம் புரையேறி, என் எட்டு வயது மகன் தும்மினான். மூன்றாவது தும்மலுக்கு அப்படியே தாத்தா குரலில் ‘முருகா!’ என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மாதான் அதிகம் சிரித்தார். சிரித்தபடியே அழவும் ஆரம்பித்துவிட்டார். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ‘இன்னும் ஈரம் காயல, அதுக்குள்ள என்ன சிரிப்பு?’ என்று இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அப்பா பேச்சையே எடுப்பதில்லை. சிரிப்பும் அழுகையும் இப்படி மாறி மாறி வருவது மனநோயா? அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லை, தூக்கமும் இல்லை. பக்கத்து வீட்டில் போடும் தூக்க மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? தம்பி மட்டும் அன்று சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அப்பா போனதிலிருந்தே அப்படித்தான். சாகுபடி முழுக்க இப்போது அவன் தலையில். கொஞ்ச நாளாக ராத்திரியில் குடிக்கவும் செய்கிறான்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மனநோய் எதுவும் இல்லை. உங்கள் மகன் செய்ததில் தப்பும் இல்லை. கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தவை வேறு இரண்டு: அம்மா வயிறு நிறையாமல் சர்க்கரை மாத்திரை போடுவதும், உங்கள் தம்பியும். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

நம் பக்கத்துக் கேத வீடுகளில் சிரிப்பு புதிதல்ல. வயது முதிர்ந்து, பேரன் பேத்தி எடுத்துப் போனவர் என்றால் ‘கல்யாணச் சாவு’ என்று கொட்டோடு அனுப்புகிறவர்கள் நாம். பந்தலில் விடிய விடியக் கண்விழிக்கிறவர்கள், போனவர் எப்போதோ பேசியதையும் செய்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்ததும் உறவெல்லாம் பஸ் ஏறிவிடும். அதுவரை பத்துப் பேர் தாங்கிய துக்கத்தை அதன்பிறகு நாலு பேர் தாங்க வேண்டும். அந்த நாலு பேருக்கும் சிரிப்பு கூடாது என்று தடை போட்டால் எப்படித் தாங்குவார்கள்?

மருத்துவ ஆராய்ச்சியும் இதைத்தான் பார்த்திருக்கிறது. 1997-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பொனானோ, டேச்சர் கெல்ட்னர் என்ற இரு உளவியலாளர்கள், துணையை இழந்து ஏறக்குறைய ஆறு மாதமானவர்களை உட்காரவைத்து, இறந்தவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பதிவுசெய்து கவனித்தார்கள். கண்ணோரம் சுருங்க, மனதிலிருந்து சிரித்தவர்களிடம் கோபம் குறைவாக இருந்தது. சுற்றியிருப்பவர்களோடு அவர்கள் உறவும் நன்றாக இருந்தது. அந்தப் பதிவைப் பார்த்த அந்நியர்களுக்குக்கூட அவர்கள்மேல் ஒரு பிரியம் வந்தது. சிரித்தால் துக்கம் தீர்ந்துவிடும் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் துக்கத்தின் நடுவே சிரிப்பு வருகிறவர் இறந்தவரை மறந்துவிட்டார் என்று நினைப்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. உங்கள் வீட்டில் நடந்ததையே பாருங்கள். அந்தச் சிரிப்பில் அப்பா முழுசாக இருந்தார். அதனால்தான் அம்மாவுக்கு அது உடனே அழுகையாகவும் ஆனது.

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார்கள். என்னிடம் வரும் குடும்பங்களுக்கு நான் அதிகம் சொல்வது அதைத்தான். மனம் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போகும், கொஞ்ச நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம் திரும்பும். முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் விடுவது போல இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. காலையில் புகைப்படத்தின் முன்னால் அழுத அம்மா, பத்து மணிக்குக் கீரைக்காரரிடம் பேரம் பேசுவார், சாயங்காலம் மறுபடி கலங்குவார். இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் தேங்கி நிற்கிறவரைப் பார்த்துத்தான் நாங்கள் கவலைப்படுவோம்.

கவனிக்க வேண்டிய சிரிப்பும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சிரிக்க விஷயமே இல்லாமல், அடக்க முடியாமல் சிரிப்போ அழுகையோ வரலாம். அது மூளை நரம்பின் கோளாறு, அதற்கு மருந்து இருக்கிறது. பல நாள் தூக்கமே இல்லாமல், அசதியும் இல்லாமல், ஓயாமல் பேசி, பணத்தை வாரி இறைத்துச் சிரிப்பவரையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் அம்மாவின் சிரிப்பு இந்த இரண்டிலும் சேராது.

இப்போது மாத்திரை. தூக்க மாத்திரையில் பாதி என்ன, கால் பங்குகூடக் கொடுக்காதீர்கள். அல்பிரசோலம், டயசெபாம் வகை மாத்திரைகள் துக்கத்தைக் குறைப்பதில்லை. சீக்கிரமே பழக்கமாகிவிடும். அறுபதைத் தாண்டியவர்கள் நடுராத்திரி எழுந்து போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இவையும் ஒரு காரணம். பகலில் படுக்காமல் இருப்பது, மதியத்துக்கு மேல் காபியை நிறுத்துவது, பக்கத்தில் ஒருவர் படுத்துக்கொள்வது, இவற்றை முதலில் செய்து பாருங்கள். அப்பா படுத்த அதே அறையில்தான் படுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கே படுக்கப் பிடிக்கிறது என்று அம்மாவையே கேளுங்கள்.

இதைவிட அவசரமானது சர்க்கரை மாத்திரை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு அரை வயிறாகப் படுத்தால், ராத்திரியில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, குழப்பம், சிடுசிடுப்பு எல்லாம் வரும். துக்க வீட்டில் இதைப் பார்க்கிறவர்கள் ‘அவரையே நினைச்சுக்கிட்டு இருக்காங்க’ என்று விட்டுவிடுவார்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இந்த வாரமே அழைத்துப் போய், எவ்வளவு சாப்பிடுகிறார் என்று உண்மையைச் சொல்லி அளவை மாற்றி வாங்குங்கள். தட்டு நிறையச் சோற்றைப் போட்டு ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று நச்சரிப்பதைவிட, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் அவரும் நாலு வாய் கூடச் சாப்பிடுவார். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்று சொன்னால் ‘மனசு கஷ்டம்தான்’ என்று முடிவு கட்டாதீர்கள். கடும் துக்கத்தால் இதயத் தசை திடீரென்று பலவீனமாகும் ஒரு நிலை உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தம்பி. அப்பா இல்லாத முதல் குறுவை அவருக்கு. நாற்றாங்காலிலிருந்து மடை திறப்பது வரை எந்த வேலையைத் தொட்டாலும் அப்பா ஞாபகம் வரும். எல்லார் முன்னாலும் அழுவதற்கு அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை, இடமும் கிடைக்கவில்லை. ‘ஏன்டா உம்முன்னு இருக்கே?’ என்று கூடத்தில் வைத்துக் கேட்டால் பதில் வராது. ஒரு சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு போர்செட்டுக்குப் போங்கள். தண்ணீர் எப்படி வருகிறது, கடைமடை வரை போகிறதா, கூட்டுறவுக் கடன் எவ்வளவு நிற்கிறது என்று வேலைப் பேச்சாகவே ஆரம்பியுங்கள். குடி என்றைக்கு ஆரம்பித்தது, எவ்வளவு என்றும் கேளுங்கள். அவசரப்படாமல், ‘வாழ்ந்து என்ன ஆகப் போவுதுன்னு தோணுதாடா?’ என்றும் கேட்டுவிடுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டுத் திண்ணையிலோ போர்செட்டிலோ கிடந்தால் இன்றே எடுத்து வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது அதிகப்படியான பயமாகத் தெரியும். குடியும் துக்கமும் சேர்ந்த ஒரு நிமிட வேகத்தில் கைக்கு எட்டியதை எடுத்துவிடுகிறவர்களைக் காவிரி மாவட்டங்களின் மருத்துவர்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘சாகணும்’ என்று அவர் சொல்லிவிட்டால் தனியே விடாமல் அன்றே கூட்டிப் போங்கள்.

எத்தனை மாதம் துக்கம் இருக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அத்தை ஒரு கணக்கு வைத்திருக்கிறார் என்று தெரிகிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்க்கையே நடக்காத அளவு துக்கம் நீடித்தால் அதற்குச் சிகிச்சை தேவை என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறையில் பெரியவர்களுக்கு அது ஒரு வருஷம். நான்கு மாதத்தில் அழுவதும் இயல்பு, சிரிப்பதும் இயல்பு.

அத்தை பேரில் கோபம் வேண்டாம். அவர் பறிகொடுத்தது தம்பியை. அப்பாவின் சின்ன வயதை நேரில் பார்த்தவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். ‘அத்தை, அப்பா சின்னப் புள்ளையிலயும் இப்படித்தான் தும்முவாரா?’ என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். அன்று இலையை மூடியவரிடம் உங்களுக்கெல்லாம் தெரியாத ஐம்பது கதை இருக்கும். மகனிடமும் பேசிவிடுங்கள். தன்னால்தான் பாட்டி அழுதார் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். ‘நீ தாத்தாவை ஞாபகப்படுத்தினே, எங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுது’ என்று சொல்லுங்கள். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று யாராவது சொல்லி வைத்திருந்தால் அதையும் திருத்துங்கள். எட்டு வயதில் சாவு என்றால் என்னவென்று புரியும்.

ஆடி பிறந்துவிட்டது, பதினெட்டாம் பெருக்கு வரப்போகிறது. ஊரே புஷ்ய மண்டபப் படித்துறைக்குக் காதோலை கருகமணியும் சித்திரான்னமும் எடுத்துக்கொண்டு கிளம்பும். பெண்கள் தாலிச்சரடு மாற்றிக்கொள்ளும் நாளில், அம்மாவை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடாதீர்கள். இந்த விஷயத்தில் ஊர் வழக்கத்தைவிட அம்மாவின் உடம்பும் மனமும்தான் எனக்குப் பெரிது. வருகிறேன் என்றால் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். வேண்டாம் என்றால் நீங்களோ தம்பியோ கூடவே இருங்கள். அன்றைக்குச் சோறு கிளறும்போது அப்பாவுக்குப் புளிசாதம் பிடிக்குமா, எலுமிச்சையா என்று பேச்சு வரும். வந்தால் அடக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையின் அளவை மட்டும் அதற்கு முன்பே மருத்துவரிடம் சரிபார்த்து வாங்கிவிடுங்கள்.