வீடில்லாத கர்ப்பிணிக்கு இலங்கையின் வன்னியில் கிளினிக் கிடைக்குமா?

கிடைக்கும். அரச வைத்தியசாலையில் பிரசவம் இலவசம். அதற்குக் காணி உறுதியும் வேண்டாம், சொந்த வீடும் வேண்டாம்.

சிக்கல் பதிவில்தான். குடும்பநல உத்தியோகத்தர், அதாவது கர்ப்பிணிகளைப் பதிந்து பார்க்கும் மருத்துவமாது, தனக்கு ஒதுக்கிய பிரிவுக்குள் வேலை செய்பவர். இன்று உறவினர் வீடு, நாளை வேறு ஊர் என்று அலையும் தாய் எவருடைய பட்டியலிலும் வராமல் போய்விடுவார். அவரைத் தேடிப் பிடிப்பது நம் எல்லாருடைய கடமை என்றே நினைக்கிறேன். இப்போது தங்கும் இடத்துக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அவரை நேரில் கூட்டிப் போங்கள். கிளினிக் அட்டை, இரத்தப் பரிசோதனை, திரிபோஷா சத்துமா எல்லாவற்றுக்கும் வழி அங்கே பிறக்கும். இடம் மாறினால் அட்டை கையோடு இருக்கட்டும்.

உட்கிராமங்களில் பஸ் குறைவு. கடைசி மாதத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பெரியாஸ்பத்திரிகளில் ஒன்றுக்குக் கிட்டத் தங்க வையுங்கள். இரவில் வலி எடுத்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை.