அந்தியூர் சந்தைக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்களுக்கு: குதிரைப் படம், கேள்வி பதில்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா நெருங்கிவிட்டது. காத்தியவாரி, மார்வாரி, நாட்டுக்குதிரை என்று லாரியில் வந்து இறங்கும் அந்தச் சந்தைக்கு முதல் தடவையாகக் கேமராவோடு போகிறவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். வேறு இடங்களில் எடுக்கிறவர்களின் கேள்விகளும் இதில் உண்டு.

கேள்வி: அண்ணா, போன மாதம்தான் கேமரா வாங்கினேன். கூட வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. குதிரையை எடுத்தால் தலை பெரிதாகவும் உடம்பு சூம்பியும் தெரிகிறது. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

லென்ஸ் வாங்க வேண்டாம் தம்பி, நிற்கிற இடத்தை மாற்று. 18-இல் வைத்துக்கொண்டு மூக்குக்குப் பக்கத்தில் நின்றால் மூக்கு உனக்கு மூன்றடி, வால் பத்தடி. கிட்டே இருப்பது பெருக்கும், தள்ளி இருப்பது சுருங்கும். லென்ஸை 55-க்குத் திருப்பிக்கொண்டு 25, 30 அடி தள்ளிப் போ. பக்கவாட்டில் நின்று, ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, கேமராவைக் குதிரையின் வயிற்று உயரத்துக்குக் கொண்டு வா. நின்றபடி மேலேயிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகிவிடும்.

நான் சந்தைக்குப் போன முதல் வருஷம் இதே தப்பைச் செய்தேன். ஒரு குதிரைக்காரர், வாங்க வருகிறவர்களிடம் காட்டப் படம் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார். எடுத்துக் காட்டியதும் அவர் முகம் வாடிப் போயிற்று. பார்த்துப் பார்த்துக் கொள்ளு வைத்து வளர்த்த குதிரை அந்தப் படத்தில் நோஞ்சானாக நின்றது. அன்றிலிருந்து கேமராவை எடுக்கும் முன் கால்களைப் பார்க்கப் பழகினேன். நம் பக்கத்துக் கால்கள் இரண்டும் சற்று விரிந்தும், அந்தப் பக்கத்துக் கால்கள் சற்று உள்ளே தள்ளியும் நிற்க வேண்டும். அப்போதுதான் நான்கு காலும் தனித்தனியாகத் தெரியும். சரியாக நிற்கவில்லை என்றால் குதிரைக்காரரிடம் சொன்னால் ஓரடி முன்னே நடத்தி நிறுத்துவார். இதைக் கேட்கக் கூச்சப்படாதே. நல்ல படம் அவருக்கும் தேவை.

கேள்வி: சார், ஃபோகஸ் கண்ணில்தான் இருக்கிறது, வெளிச்சமும் சரி. ஆனாலும் குதிரை தூங்குமூஞ்சியாகத் தெரிகிறது. என்ன குறை?

காது. குதிரைப் படத்தில் பாதி உயிர் காதில் இருக்கிறது. இரண்டு காதையும் தனித்தனியே அரைவட்டம் திருப்பக்கூடிய பிராணி அது. காது பக்கவாட்டில் தொங்கினால் ஓய்வு. முன்னால் விறைத்தால் எதையோ கவனிக்கிறது. பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டினால் கோபம், அப்போது நீங்கள் விலகி நிற்க வேண்டும்.

மார்வாரியின் காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். காது முன்னே வரும்போதுதான் அந்த வளைவு ஒரு சின்னத் தோரணம் போல முழுதாகத் தெரியும். வெயில் பின்னாலிருந்து விழுந்தால் காது ஓரத்து மயிர் ஒவ்வொன்றும் நூல் போல மின்னும். அந்தப் படத்துக்காக ஒரு காலைப்பொழுது முழுக்கக் காத்திருக்கலாம்.

கூட வரும் ஆளிடம் ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் கொள்ளு போட்டுக் கொடுங்கள். நீங்கள் தயாரானதும் உங்களுக்குப் பின்னால் நின்று ஒரு தடவை குலுக்கட்டும். இரண்டு மூன்று முறைதான் பலிக்கும், பிறகு குதிரை ஏமாற்றைப் புரிந்துகொள்ளும். முடிந்ததும் அந்தக் கொள்ளைக் குதிரைக்காரர் கையால் கொடுக்கச் சொல்லிவிடுங்கள். குடையை விரிப்பது, விசில் அடிப்பது, ஃபிளாஷ் போடுவது எதுவும் வேண்டாம். சந்தையில் ஒரு குதிரை மிரண்டால் பக்கத்தில் கட்டியிருப்பவையும் மிரளும்.

கேள்வி: ஓடும்போது எடுத்தால் கால்கள் கலங்கிவிடுகின்றன. ஷட்டர் எவ்வளவு வைப்பது?

நடைக்கு 1/500 நொடி போதும். நாலுகால் பாய்ச்சலுக்கு 1/1000-க்குக் கீழே இறங்காதீர்கள், 1/1600 இன்னும் நிம்மதி. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தை வைத்துக்கொள்ளலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸ் குதிரையைப் பின்தொடரும் தொடர் முறையில், பர்ஸ்ட் (ஒரே அமுக்கில் பல படங்கள்) போட்டு எடுங்கள்.

எந்த நொடி என்பது இதைவிட முக்கியம். பழைய ஓவியங்களில் பாயும் குதிரை முன்கால்களை முன்னேயும் பின்கால்களைப் பின்னேயும் நீட்டிப் பறக்கும். 1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, பாதையின் குறுக்கே நூல் கட்டி, ஓடும் குதிரையே அவற்றை இயக்கும்படி செய்தார். நான்கு குளம்பும் தரையைவிட்டு எழும்புவது கால்கள் நீளும்போது அல்ல, வயிற்றுக்கடியில் சேரும்போதுதான் என்று அந்தப் படங்கள் காட்டின. கால்கள் கூடும் அந்த நொடியும், முன்னங்கால் எட்டிப் போடும் நொடியும் அழகு. நடுவில் வருபவை பெரும்பாலும் தடுமாறுவது போலத் தெரியும், தயங்காமல் அழித்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளைக் குதிரை சுண்ணாம்பு அடித்தது போல வருகிறது. கருங்குதிரை வெறும் நிழலாகிறது.

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கருத்த மரநிழல் முன்னால் வெள்ளைக் குதிரை நின்றால் இருட்டைத் தூக்கிவிட்டுக் குதிரையை வெளுத்துவிடும். அப்போது எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) ஒரு படி குறையுங்கள். வெள்ளைக் குதிரை படம் முழுக்க நிறைந்திருந்தால் நேர்மாறு, முக்கால் படி ஏற்ற வேண்டும். நுக்ரா என்கிற வெள்ளைக் குதிரையில் இன்னும் கவனம் வேண்டும், தோலே இளஞ்சிவப்பு. மூக்கருகில் நிறம் வெடித்துவிடும்.

கருங்குதிரைக்கு மதிய வெயில் ஆகாது. காலை 8 மணிக்குள், அல்லது மாலை 5-க்கு மேல், முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அமுக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, என்னிடம் போன்தான் இருக்கிறது. மெரினாவில் சவாரிக் குதிரைகளை எடுக்கலாமா?

தாராளமாக எடும்மா. போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடு, பிடரி மயிரையும் காது நுனியையும் அது மென்றுவிடும். 2 அல்லது 3 மடங்கு ஜூம் வைத்துத் தள்ளி நில். கடலைப் பின்னணியாக வைத்து, குதிரைமேல் நேராக வெளிச்சம் விழ வேண்டுமென்றால் மாலையில் போ, சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கும். காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் கருநிழல் உருவம்தான் கிடைக்கும், அதுவும் நன்றாக இருக்கும். சவாரிக்காரரிடம் கேட்டுவிட்டு எடு. அவருக்கு அது பிழைப்பு நேரம்.

கேள்வி: அண்ணை, வாற மாதம் யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவானில படகேறி நெடுந்தீவுக்குப் போறன். அங்க கட்டாக்காலியாத் திரியிற குதிரையள் கிட்டப் போனா ஓடிடுமாம். என்ன செய்யலாம்?

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் மறைவு. வெறித்துப் பார்த்துக்கொண்டு நேராக நடந்து போனால் வேட்டைப் பிராணி வருவதாகத்தான் நினைக்கும். கோணலாக நடவுங்கள், நில்லுங்கள், வேறு பக்கம் பாருங்கள். எல்லாத் தலையும் நிமிர்ந்து காதுகள் உங்கள் பக்கம் திரும்பினால் அதுதான் அவை போட்ட எல்லை. அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். மறுபடி மேயத் தொடங்கிய பிறகு இன்னும் பத்தடி. 200-க்கு மேற்பட்ட லென்ஸ் இருந்தால் அந்தப் பத்தடியும் தேவையில்லை.

வறட்சியில் அந்தத் தீவில் குதிரைகள் தண்ணீருக்குப் படும் பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் கிடக்கும் இடத்துக்கும் அவற்றுக்கும் நடுவில் எக்காரணம் கொண்டும் நிற்க வேண்டாம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் உச்சிவெயில்தான் கையில் கிடைக்கும். ஒரு இரவு தங்க முடிந்தால் தங்குங்கள், பவளக்கல் வேலிகளில் விடியல் வெளிச்சம் விழும்போது வெளியை முழுதாகப் பிடித்து, குதிரையைச் சிறியதாக வைத்து ஒரு படமாவது எடுங்கள்.

கேள்வி: பணம் கொடுத்தால் நடனக் குதிரையை முன்காலைத் தூக்கி நிற்க வைக்கிறார்கள். அதை எடுக்கலாமா?

நான் எடுப்பதில்லை. லகானை இழுத்து வாய் பிளந்து, கண்ணில் வெள்ளை தெரியும் படத்தை எந்தச் சுவரிலும் மாட்ட எனக்கு மனம் வராது. மேளம் நின்றதும் லகான் தளரும், குதிரை கழுத்தைத் தாழ்த்தி ஒரு பெருமூச்சு விடும், குதிரைக்காரர் கை தானாக அதன் நெற்றிக்குப் போகும். கேமராவை இறக்காமல் அதற்குக் காத்திருங்கள்.