சாகஸ் பாசிட்டிவ், இசிஜியில் மாற்றம்: மனைவியின் இதயத்துக்கு ஆபத்தா?

கேள்வி: என் மனைவி பொலிவியாக்காரர், வயது 44. கோச்சபம்பா பக்கம் ஒரு கிராமத்தில், மண்வீட்டில் வளர்ந்தவர். இப்போது அமெரிக்காவில் இருக்கிறோம். இரத்ததானம் செய்யப் போன இடத்தில் சாகஸ் நோய் பாசிட்டிவ் என்றார்கள். வேறு முறையில் செய்த இரண்டாவது பரிசோதனையும் அதையே சொன்னது. இசிஜியில் 'ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்று எழுதியிருக்கிறது. ஆனால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, மாடி ஏறினால்கூட மூச்சு வாங்குவதில்லை. மருந்து சாப்பிட்டால் இதயம் சரியாகிவிடுமா? எனக்கும் பிள்ளைகள் இருவருக்கும் ஒட்டுமா?

பதில்: தொந்தரவு இல்லை என்பதை இந்த நோயில் நம்பவே கூடாது. உங்கள் மனைவி ஊரில் வின்ச்சூக்கா என்று ஒரு பூச்சி உண்டு. பகலில் சுவர் வெடிப்பில் ஒளிந்திருந்து, இரவில் தூங்குகிறவர் முகத்தில் கடிக்கும். கடித்த கையோடு பக்கத்திலேயே கழித்துவிட்டும் போகும். தூக்கக் கலக்கத்தில் சொறியும்போது அந்தக் கழிவில் இருக்கும் ஒட்டுண்ணி உடம்புக்குள் போகிறது. பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர் இந்த நோயை 1909-ல் கண்டறிந்தார். சிறுவயதில் உள்ளே போனது 10 முதல் 30 வருடம் வரை சத்தமில்லாமல் இருக்கும். பிறகு, தொற்று உள்ளவர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு இதயத்தில் வேலையைக் காட்டும்.

ஒட்டுண்ணி இதயத் தசை நார்களுக்குள் குடியிருக்கிறது. அதை விரட்ட உடம்பு நடத்தும் சண்டையில் நார்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. இதயத்தின் மின் இணைப்புகள் ஓடும் பாதையில் தழும்பு விழுந்தால் இசிஜி மாறும். பெரும்பாலும் முதலில் தெரிவதே அதுதான். உங்கள் மனைவிக்கு எழுதியிருக்கும் 'ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்', அதாவது மின்பாதையின் வலது கிளையில் தடை, நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் சாகஸ் உறுதியான ஒருவருக்கு அதைச் சாதாரணம் என்று நான் ஒதுக்கமாட்டேன், இதயம் தொடப்பட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன். இடதுபக்க முன்கிளைத் தடையும் சேர்ந்திருக்கிறதா என்று அறிக்கையில் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வருவது இந்த நோயின் பழக்கப்பட்ட முகம்.

அடுத்து எக்கோ, அதாவது இதய ஸ்கேன். இதில் ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். இடது கீழறையின் நுனியில் தசை மெலிந்து, சின்னப் பை போலப் பிதுங்குவது சாகஸில் உண்டு. அந்தப் பைக்குள் இரத்தம் தேங்கி உறைந்து, கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். எக்கோ கருவியை மார்பில் கொஞ்சம் மேலே வைத்துவிட்டாலே நுனி படத்தில் வெட்டுப்பட்டுவிடும், இதயம் சுத்தமாக இருப்பதுபோலத் தெரியும். அதனால் 'சாகஸ் நோயாளி, நுனியைத் தனியாகப் பார்க்கவும்' என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். படம் தெளிவில்லை என்றால் எம்ஆர்ஐ இருக்கிறது, தழும்பையும் அதில் பார்த்துவிடலாம். அப்புறம் ஹோல்டர், அதாவது உடம்பில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரமும் இசிஜி பதியும் கருவி. இரவில் துடிப்பு மிகவும் குறைகிறதா, கீழறையிலிருந்து தொடர்ச்சியாகத் தாறுமாறான துடிப்புகள் வருகின்றனவா என்று அதில்தான் தெரியும்.

மருந்துக்கு வருவோம். ஒட்டுண்ணியைக் கொல்லும் பென்ஸ்நிடசோல் மாத்திரை, பொதுவாக 60 நாள். இதயம் ஏற்கெனவே பாதித்த 2,854 பேரிடம் இதைச் சோதித்த பெனிஃபிட் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. இரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்தது. ஆனால் சுமார் ஐந்தரை வருடத்தில் இதயநோய் மோசமாவது குறிப்பிடும்படி குறையவில்லை. விழுந்த தழும்பை எந்த மாத்திரையும் அழிக்காது. அப்படியானால் எதற்கு என்று கேட்பீர்கள். 50 வயதுக்குள், பாதிப்பு முற்றாதவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு, பிறக்கும் குழந்தைக்குப் போகும் வாய்ப்பையும் அது குறைக்கும். எக்கோவில் இதயத்தின் பம்ப் வேலை நன்றாக இருந்தால், கொடுக்கலாம் என்பதே என் சாய்வு. தோலில் தடிப்பு வருவது சகஜம். கைகால் மரத்துப்போனால் உடனே சொல்ல வேண்டும். மருந்து சாப்பிடும் நாட்களில் மது கூடாது, கர்ப்பம் கூடவே கூடாது.

பம்ப் வேலை குறைந்திருந்தால் மற்ற இதயச் செயலிழப்புக்குத் தரும் மருந்துகளேதான். ஒரே எச்சரிக்கை, பீட்டா பிளாக்கர். மின்பாதை ஏற்கெனவே அடிவாங்கிய இதயத்தில் அது துடிப்பை அதிகமாகக் குறைத்துவிடலாம், ஹோல்டர் பார்த்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். துடிப்பு மிகவும் குறைந்தால் பேஸ்மேக்கர், ஆபத்தான வேகத் துடிப்பு இருந்தால் ஐசிடி, அதாவது மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்ய உடம்புக்குள் பொருத்தும் கருவி. ஒரே ஒருமுறை மயங்கி விழுந்தாலும் 'வெயிலில் நின்றதால்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த நோயில் திடீர் மரணம் உண்டு, அதற்கு முன்னால் மயக்கம் எட்டிப் பார்க்கலாம். வேறு எந்த நோய்க்காவது நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து கொடுக்க நேர்ந்தால், சாகஸ் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடங்கிக் கிடக்கும் ஒட்டுண்ணி அப்போது மறுபடி கிளம்பலாம்.

சேர்ந்து வாழ்வதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ உங்களுக்கு ஒட்டாது. அவர் மட்டும் இனி இரத்தம் கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் கதை வேறு. கர்ப்பத்தில் தாயிடமிருந்து போகக்கூடியது இது, சுமார் 20-ல் ஒருவருக்கு. பிள்ளைகளுக்கு இப்போது எத்தனை வயதானாலும் சரி, இருவருக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இருப்பது தெரிந்தால் சிறுவயதில் மருந்து மிக நன்றாக வேலை செய்யும். அதே மண்வீட்டில் வளர்ந்த மனைவியின் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் இருந்தால் இன்றே ஒரு போன் போட்டு அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.