புது நீடில் வால்வ் போட்ட பிறகும் பெட்ரோல் வழிகிறதா? மிதவையைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. ரிப்பேர் கிட் வாங்கி நீடில் வால்வை (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஊசி) மாற்றியும் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிகிறது, சூடான இன்ஜின் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கார்புரேட்டரையே மாற்றும் முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

வழிந்த பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கலாம். அதனால் முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ ஆயிலை மாற்றாமல் இன்ஜினை ஓட்டவே வேண்டாம். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

அடுத்து மிதவை, அதாவது பெட்ரோல் மட்டம் ஏறியதும் மேலெழுந்து நீடிலை அடைக்கும் பாகம். என் சந்தேகம் முழுக்க இதன் மேல்தான். கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளவென்றால் ஓட்டை. சத்தமில்லையா, வெந்நீரில் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, விரிசல் உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். பித்தளை மிதவையைச் சாலிடர் வைக்கலாம் என்பார்கள், ஆனால் உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது சூடு காட்டுவது ஆபத்து. புதிதாக வாங்கிவிடுங்கள். மிதவை நன்றாக இருந்தால் அதன் உயரத்தை மேனுவலில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். புது வால்வ் போட்டால் அந்த அளவு மாறக்கூடும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், யாராவது எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் மாட்டியிருக்கிறார்களா? பழைய கார்புரேட்டர்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) போதும். அளவுக்கு மேல் தள்ளினால் புது நீடிலும் தாங்காமல் போகலாம். அழுத்தமும் சரியாக இருந்தால் நீடில் போய் அமரும் இருக்கையில் தூசி சிக்கியிருக்கிறதா பாருங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகே கை வையுங்கள்.